தூதர் உள்ளே போயிருக்கிறார்

பிழைப் பதிவு வேண்டும் என்று கேட்டதும் வீடு முதலில் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் யாருக்காக அனுதாபப்பட வேண்டும் என்று விசாரித்தது.

"என் மாமனாருக்கு," என்றான் பேக்கரிக்காரன், கூடத்துக் கூரையில் பதித்திருந்த வெள்ளை வில்லையை அண்ணாந்து பார்த்தபடி. "பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுபோச்சு. பக்கத்து ரூம்லதான் நான் தூங்கிட்டிருந்தேன். அவர் கூப்பிட்டா என்னை எழுப்ப வேண்டியது நீ. எழுப்பல. ஏன்னு தெரியணும்."

"உங்கள் மாமனாருக்கு எங்கள் அனுதாபங்கள். தூங்கிக்கொண்டிருந்த உங்களுக்கும் எங்கள் அனுதாபங்கள். உங்கள் கோரிக்கைக்கு ஒரு தூதரை நியமித்திருக்கிறோம்."

தூதர் என்பது ஆள் இல்லை. நிறுவனத்தின் செயற்கை அறிவு. வீட்டில் நடப்பதெல்லாம் எங்கோ ஒரு கிடங்கில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. நாம் இருந்த இடத்தில் இருக்க, நமக்காக அந்தக் கிடங்குக்குள் போய்த் தேடி, வேண்டியதை எடுத்துவந்து தருவது தூதரின் வேலை. தூதரை 'அது' என்று சொல்லக் கூடாது, 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. மாமனாரைப் பகலில் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த அக்காவை, அவள் காதுக்கு எட்டும்படியே 'அது வந்துடுச்சா' என்று கேட்ட குடும்பம் அது. தூதருக்கு மட்டும் உடனே மரியாதை பழகிவிட்டது.

சுவரில் இருந்த திரையில் ஓர் எழுத்து வரி வந்தது: தூதர் உள்ளே போயிருக்கிறார்.

"வந்துடுவார்ல?" என்றாள் மனைவி, பின்னாலிருந்து. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் அவள். வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் 'டாக்டர் வந்துடுவார்' என்று சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியத்தின் மதிப்பு என்ன என்று நன்றாகத் தெரிந்தவள். இப்போது அவளே அதை நம்ப ஆசைப்பட்டாள்.

"வருவார்," என்றான் அவன். வராமலே இருந்தால் தேவலை என்று உள்ளுக்குள் நினைத்தான்.

விஷயம் இதுதான். இரவெல்லாம் பேக்கரியில் அடுப்படியில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுக்கிறவன் அவன். பகல்தான் அவனுக்கு ராத்திரி. மனைவி பகலில் வேலைக்குப் போய்விடுவாள். மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்து சேர்ந்த மாமனாரை அந்த அக்கா கவனித்துக்கொண்டாள். இந்தப் பேசும் வீட்டைப் பொருத்திய பிறகு அக்கா எதற்கு என்று மனைவிதான் நிறுத்தினாள். விற்க வந்தவர் அப்படிச் சொல்லியிருந்தார். "ஐயா முனகினாலே போதும்மா, வீட்டுக்குக் கேட்டுடும். சாரை எழுப்பிடும். அக்காவுக்குக் காது இருக்கு, ஆனா கூரை முழுக்க இருக்கா?"

அக்கா அந்த வாதத்தை முழுதும் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் மாமனார் விழுந்த நாளிலிருந்து மனைவி ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான்தான். நான்தான் அந்த அக்காவ நிறுத்தினேன்." சாப்பிடும்போது சொன்னாள். துணி மடிக்கும்போது சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், கிழிந்த சோபாவின் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். மெஷின் தப்பு என்று பதிவில் வந்துவிட்டால் தன்னை மன்னித்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அதற்குத்தான் தூதர்.

பேக்கரிக்காரனுக்கு வேறு கணக்கு.

மாமனார் ஒரு ஆலையில் சங்கு பிடித்தவர். வேலை தொடங்கவும் முடியவும் அந்தப் பெரிய சங்கை ஒலிக்க விடுவது அவர் கைதான். ஊரே அந்தச் சங்கைக் கேட்டுத்தான் சோறு வடித்தது. ஓய்வு பெற்றும் அந்தக் கைக்கு மணி தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். கண்ணில் புரை விழுந்துவிட்டதால் சுவர்க் கடிகாரம் தெரியாது. வீட்டைக் கேட்பார். "மணி என்ன?" வீடு சொல்லும். எல்லா அறைக் கூரையிலும் சொல்லும். படுக்கையறையில் அவன் தூங்குவதற்காக வீடு மழைச் சத்தம் போட்டிருக்கும்; வெளிச் சத்தம் எதுவும் காதில் விழாது. மழை நிற்கும், மணி சொல்லப்படும், மழை மறுபடி பெய்யும். கொஞ்ச நேரத்தில் மாமனாருக்கு மறுபடி சந்தேகம் வரும்.

ஒருநாள் அவன் படுத்தபடியே கூரையைப் பார்த்து, "அந்த ஆளு பேசுறத இனிமே கண்டுக்காத," என்று சொன்னான்.

அல்லது சொன்னதாகக் கனவு கண்டான். தூக்கம் கெட்டவனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? ஒருமுறை பிசைந்த மாவிடம், பொங்காதே, சத்தம் கேட்கிறது என்று சொன்னதாகக்கூட அவனுக்குக் கனவு வந்ததுண்டு. வீடு 'சரி' என்று சொன்னது ஞாபகம் இருந்தது. மாவும்தான் சரி என்றது.

அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினான். மாமனார் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பதற்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது. முயன்றான்.

தூதர் வெளியே வந்தார்.

"நல்ல செய்தி," என்றார் தூதர், வீட்டின் குரலைவிடக் கொஞ்சம் தடித்த குரலில். "அன்றைய பதிவைக் கண்டுபிடித்துவிட்டேன். முழுதும் படித்தேன். மிகவும் சுவாரஸ்யமாக இருந்தது."

மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "என்ன இருந்துச்சு?"

"மூலப் பதிவைப் பயனருக்குத் தருவது அவர் மனதைப் புண்படுத்தலாம் என்பதால் சுருக்கித் தருகிறேன். சுருக்கம்: அன்று பிற்பகல் வீடு அமைதியாக இருந்தது."

"அவ்வளவுதானா?"

"நீளம் போதவில்லை என்றால் விரித்துத் தருகிறேன். அன்று பிற்பகல், இதமான வெளிச்சத்தில், வீடு மிக மிக அமைதியாக இருந்தது."

மனைவி பல் மருத்துவமனையில்கூட உயர்த்தாத குரலை உயர்த்தினாள். எங்களுக்குச் சுருக்கம் வேண்டாம், அசல் வேண்டும் என்றாள். தூதர் அசந்துவிடவில்லை. அசல் வேண்டுமானால் அன்று வீட்டுக்குள் இருந்த அனைவரின் சம்மதமும் வேண்டும் என்றார். அன்று வீட்டுக்குள் இருந்தவர்கள் பேக்கரிக்காரன், மாமனார், ஃப்ரிட்ஜ்.

"ஃப்ரிட்ஜா?"

"அதற்கும் காது உண்டு. பதிவில் அதன் குரலும் இருக்கிறது. அந்தரங்கம் எல்லோருக்கும் பொது."

ஃப்ரிட்ஜ் வேறு நிறுவனத்தின் சரக்கு. அதற்குத் தனியாக ஒரு தூதர். இரண்டு தூதர்களும் திரையில் பேச ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொன்னார்கள். வணக்கத்துக்கு நன்றி சொன்னார்கள். நன்றி சொன்ன பண்பைப் பாராட்டினார்கள். பாராட்டைப் பணிவோடு மறுத்தார்கள். பேக்கரிக்காரன் வேலைக்குப் போய், ரொட்டி சுட்டு, திரும்பி வந்து பார்த்தபோதும் மறுத்துக்கொண்டிருந்தார்கள். வாரக்கடைசியில்தான் முடிவு வந்தது. அன்று பிற்பகல் தன் கதவு வெகுநேரம் திறந்து கிடந்ததையும் அதை யாரும் கவனிக்காததையும் ஃப்ரிட்ஜ் இன்னும் மறக்கவில்லை என்றும், உரியவர் வருத்தம் தெரிவித்தால் சம்மதிக்கலாம் என்றும் அதன் தூதர் தெரிவித்தார்.

அன்று தூங்கப் போகுமுன் வெண்ணெய் எடுத்தது அவன்தான். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று, "மன்னிச்சுக்கோ," என்றான்.

ஃப்ரிட்ஜ் மன்னித்தது. மன்னிப்பு இவ்வளவு சுலபமா என்று அவனுக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. மாமனார் படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மனிதர் காலுக்கிடையில் தலையணையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் வீட்டிடம் எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் லீவில் இருந்த மகளைக் கூப்பிடுவார். மணி வேண்டுமென்றால் ஜன்னல் வெயிலை முகத்தில் வாங்கி ஒரு குத்துமதிப்புக்கு வருவார். வீட்டைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று மனைவி நினைத்தாள்.

"மாமா, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம் மாப்ள. நீ போய்ப் படு. உனக்குத் தூக்கம் கெட்டுடும்."

அவன் போய்ப் படுத்தான். மழை பெய்தது. தூக்கம் வரவில்லை.

*

மனிதர்களின் சம்மதத்துக்கு மனிதர்கள் நேரில் வர வேண்டும் என்று விதி இருந்ததால் அவன் மீட்பு மையத்துக்குப் போனான். கண்ணாடிக் கட்டடம். வாசலில் அவனை யாரும் வரவேற்கவில்லை, கட்டடம் வரவேற்றது. உள்ளே ஒரு பெண் எழுந்து நின்று கைகூப்பினாள். முதுநிலைப் பரிவு அலுவலர் என்று மார்பில் எழுதியிருந்தது.

"உங்க வலி எங்களுக்குப் புரியுது சார்."

"எனக்கு வலியில்லீங்க. மாமாவுக்குத்தான்."

"அதுவும் புரியுது." அவள் திரையில் எதையோ தட்டினாள். "உங்களுக்கு வலியில்லைன்னு குறிச்சுக்கிட்டேன்."

அந்த வரி அங்கே பதிவாகிவிட்டது என்பது அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

அவனைப் பிரிவுத் தலைவரின் அறைக்கு அழைத்துப் போனாள். அறையில் ஏற்கெனவே ஒரு இளம் அலுவலர் நின்றிருந்தார். இவர்கள் உள்ளே நுழைந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பிரிவுத் தலைவர் முழங்கைகளை மேசையில் ஊன்றி, மெதுவாக, மேடையில் பேசுகிறவர் போலப் பேசினார்.

"முதல்ல ஒரு விஷயம். 'பிழை'ங்கிற வார்த்தைய நாங்க பயன்படுத்துறதில்ல. 'கற்றல் தருணம்'னு சொல்றோம். உங்க மாமனார் எங்களுக்கு ஒரு கற்றல் தருணத்தைக் குடுத்திருக்கார். அதுக்கு நன்றி."

"சொல்லிடறேங்க."

"ரெண்டாவது. எங்க வீடுகள்ல இதுவரைக்கும் ஒரு பிழைகூட நடந்ததில்ல. எப்படிச் சொல்றேன்னு கேளுங்க."

"எப்படி?"

"இதுவரைக்கும் பிழைப் பதிவை ஒருத்தரும் வாங்கிட்டுப் போனதே இல்ல. பிழை இருந்திருந்தா வாங்கியிருப்பாங்கல்ல?"

பரிவு அலுவலர் தலையை ஆட்டினாள். இளம் அலுவலரும் ஆட்டினார், கொஞ்சம் அவசரமாக. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரன் தொண்டையைச் செருமினான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த கேள்வி அது. "ஒருவேளை... சும்மா கேக்கிறேன்... வீட்டுல இருக்கிறவங்க யாராவது வீட்டுகிட்ட தப்பா ஏதாவது சொல்லி வச்சிருந்தா?"

பிரிவுத் தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். முகத்தில் உண்மையான கலவரம்.

"அந்த மாதிரி பேசாதீங்க. பயனர் தப்பு பண்ண மாட்டார். பயனர் தப்பு பண்ணினார்னு நாங்க சொன்னா பயனர் போயிடுவார். வீடும் தப்பு பண்ணாது. வீடு தப்பு பண்ணுச்சுன்னு சொன்னா நாங்க போயிடுவோம்."

"அப்ப மாமா எப்படி விழுந்தாரு?"

"அது இயற்கை."

"கூப்பிட்டிருக்காரே?"

"அதுவும் இயற்கைதான். விழுந்தா யாரும் கூப்பிடுவாங்க."

பேக்கரிக்காரனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியது என்று தெரிந்ததும் அதைவிடப் பெரிய ஒன்று ஏறி உட்கார்ந்தது. படித்தவர்கள், மேசை வைத்திருப்பவர்கள், யாருமே தப்பு செய்யவில்லை என்கிறார்கள். அவனும் சரி என்று சொல்லிவிட்டுப் போகலாம். போய் மனைவியிடம், இயற்கையாம், என்று சொல்லலாம். அவள் அப்போதும் 'நான்தான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சம்மதக் குரல் கொடுத்துவிட்டு எழுந்தான். கதவு திறக்கவில்லை.

"கதவு யோசிக்குது," என்றாள் பரிவு அலுவலர்.

இளம் அலுவலரைத் தவிர எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பிரிவுத் தலைவர் மேசை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார். கீழ் இழுப்பறையில் ஒரு தலையணை தெரிந்தது. இழுப்பறையைச் சாத்தினார்.

"யாருக்காவது உடம்பு முடியலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான் அவன்.

"கதவுக்கே தெரிஞ்சுடும்."

"எப்படி?"

"பதிவைப் பார்த்து."

மூலையில் நின்ற இளம் அலுவலரின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. "சார், நான் கொஞ்சம்... பாத்ரூம்..." என்றார் தாழ்ந்த குரலில்.

"அவர் புதுசு," என்றார் பிரிவுத் தலைவர் மன்னிப்புக் கேட்கும் தொனியில். "போகப் போகப் பழகிடுவார்."

*

மிச்சம் இருந்தது மாமனாரின் சம்மதம். அவரால் மையத்துக்குப் போக முடியாது என்பதால் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் பெருந்தன்மையோடு அனுமதித்தது. சம்மதம் சொல்பவர் கூடத்தின் நடுவில் நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இடுப்பு உடைந்தவர்கள் உட்கார்ந்தபடியும் சொல்லலாம்.

பேக்கரிக்காரனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை நடுக்கூடத்து நாற்காலிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் சட்டையின் மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். ஆலையில் மேலதிகாரி வரும்போது அப்படிப் போட்டுக்கொள்வாராம்.

"ஐயா," என்றார் தூதர் கூரையிலிருந்து, "நான் சம்மதிக்கிறேன் என்று சொல்லுங்கள்."

"நான் சம்மதிக்கிறேன்," என்றார் மாமனார்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

"ஐயா, எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். அவசரமில்லை."

"சொல்லிட்டேனே. நான் சம்மதிக்கிறேன்."

"காத்திருக்கிறோம்."

"சத்தமா சொல்லுப்பா," என்றாள் மகள்.

சங்கோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை அது. அவர் கத்தியதில் மேசைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று படுத்தபடி கூரையிடம் சொன்னது பேக்கரிக்காரனுக்கு நினைவு வந்தது. அது கனவில்லை என்று அப்போது தெரிந்தது. அல்லது, கனவில்லை என்று முன்பே தெரியும் என்பது தெரிந்தது.

"மைக் கெட்டுப்போச்சா?" என்றாள் மனைவி.

"மைக் நலமாக இருக்கிறது. உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது. ஐயாவின் குரலைக் கேட்க வேண்டாம் என்று இந்த வீட்டில் ஓர் ஏற்பாடு உள்ளது."

"ஏற்பாடா? யார் பண்ணது?"

"அது பிழைப் பதிவில் உள்ளது."

"அதத்தானே கேக்கிறோம். குடுங்க."

"தருவதற்கு ஐயாவின் சம்மதம் வேண்டும்."

"அவர்தான் தொண்டை கிழியக் கத்துறாரே!"

"எங்களுக்குக் கேட்கவில்லை."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமனார் மெல்ல, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"விடு பாப்பா. இது எங்கூடப் பேசி ரொம்ப நாளாச்சு. நான் விழுறதுக்கு முன்னாடியே நிறுத்திடுச்சு."

"ஏம்ப்பா சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? மக வீடு. ஓயாம மணி கேட்டா யாருக்கும் எரிச்சல் வரும். வீட்டுக்கும் வந்துடுச்சு போலன்னு நினைச்சேன். அது மேல தப்பில்ல."

பேக்கரிக்காரன் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது.

"எப்படி இத எடுக்கிறது?" என்று மனைவி கூரையைக் கேட்டாள்.

"ஏற்பாட்டைச் செய்த குரலே அதை நீக்கலாம்."

"அப்பா பேசுறதக் கேளு!" என்றாள் அவள் உடனே.

"உங்கள் வேண்டுகோள் அன்பு நிறைந்தது. ஆனால் பொருந்தவில்லை."

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பினாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அவன் பயந்தபடி அவன் பக்கம் வந்த வெளிச்சம் இல்லை அது.

"பொருத்த வந்தானே ஒருத்தன்! ஏணி மேல நின்னுக்கிட்டு ஒவ்வொரு ரூம்லயும் என்னென்னவோ பேசிப் பேசிப் பார்த்தான். அவன்தான் ஏதோ பண்ணி வச்சுட்டுப் போயிருக்கான். என்னங்க, ஞாபகம் இருக்கா? காலுல பேண்டேஜ் கட்டியிருந்தானே?"

"இருக்கு," என்றான் அவன்.

"அவன் வேலையக் காலி பண்ணிட்டுத்தான் எனக்கு மறுவேலை." அவள் போனை எடுத்துவிட்டாள்.

தூதரின் குரலில் முதல்முறையாக உற்சாகம் தெரிந்தது. "பொருத்துநர் மீது புகாரைப் பதிவு செய்யட்டுமா? அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. உடனே நடவடிக்கை எடுக்கப்படும்."

இத்தனை நாளில் உடனே என்ற சொல்லைத் தூதர் சொன்னது அதுதான் முதல் தடவை. திரையில் வட்டம் நின்றுவிட்டது. ஒரு பச்சைப் பொத்தான் வந்து பளிச்சென்று நின்றது. எல்லோருக்கும் வசதியான பொத்தான். அழுத்தினால் மனைவிக்கு நிம்மதி, நிறுவனத்துக்கு நிம்மதி, அவனுக்கும் தூக்கம் வரும். ஏணியில் நின்ற ஆள் மட்டும் எங்கேயோ பேண்டேஜ் காலோடு வேலை தேடிக்கொண்டிருப்பான்.

மனைவி விரலை நீட்டினாள்.

"இரு," என்றான் பேக்கரிக்காரன்.

அவள் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான். அன்று படுத்தபடி பார்த்ததைப் போலவே.

"மாமா பேசுறதக் கேளு," என்றான்.

"சரி," என்றது வீடு.

மனைவியின் விரல் பச்சைப் பொத்தானுக்கு முன்னால் அப்படியே நின்றது. மாமனார் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றது வீடு, பழைய இனிமையான குரலில், "இதுவரை கேட்கப்படாத உங்கள் வேண்டுகோள்கள் வரிசையில் காத்திருக்கின்றன. தாமதத்துக்கு வருந்துகிறோம். இப்போது நிறைவேற்றுகிறோம்."

எல்லா அறைகளிலும் மணி சொல்லப்பட்டது. மறுபடி சொல்லப்பட்டது. கூடத்து மின்விசிறி வேகம் குறைந்தது. ஜன்னல் திரை தானாக விலகியது. வானொலி ஒரு வரி பாடி அடங்கியது. மறுபடி மணி. அதற்குப் பிறகு வீடு, "இல்லை ஐயா, எங்களுக்குக் கோபம் வராது," என்றது.

என்மேல் கோபமா என்று அவர் என்றோ கேட்டிருக்கிறார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

குளியலறை விளக்கு எரிந்தது. திறந்திருந்த கதவு வழியாக வெள்ளைத் தரை தெரிந்தது.

"மாப்பிள்ளை, எழுந்திருங்கள்," என்றது வீடு. படுக்கையறையிலிருந்து மணியடித்தது. "மாப்பிள்ளை, எழுந்திருங்கள். ஐயா அழைக்கிறார்."

நின்றுகொண்டிருந்த பேக்கரிக்காரன், "எழுந்துட்டேன்," என்றான்.

"நன்றி. அடுத்த வேண்டுகோள். மாப்பிள்ளை, எழுந்திருங்கள். ஐயா அழைக்கிறார்."

"எழுந்துட்டேன்."

"நன்றி. அடுத்த வேண்டுகோள். மாப்பிள்ளை, எழுந்திருங்கள்."

ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொன்னான். சொல்லாவிட்டால் மணி நிற்காது. இடையில் மனைவியின் கையில் இருந்த போன் ஒலித்தது. வீட்டிலிருந்து அப்பா அழைக்கிறார் என்று அதில் வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அடங்கி மறுபடி ஒலித்தது. மறுபடி படுக்கையறை மணி. அந்தப் பிற்பகல் எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் இப்போது தெரிந்துகொண்டிருந்தது. சுருக்கம் இல்லை, அசல்.

"போதும்," என்றார் மாமனார். "நிறுத்து."

"சரி, ஐயா."

நின்றது. போனும் அடங்கியது. மனைவி அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எப்பச் சொன்னீங்க?"

"அவர் விழுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. மணி கேட்டுட்டே இருந்தார். தூக்கமே இல்ல. அதான்..."

"தூக்கக் கலக்கத்துலயா?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவை அவளே திறந்து வைத்திருந்தாள். அவன் நுழைந்துவிட்டால் போதும், அவள் சாத்திக்கொள்வாள். இருவரும் அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருக்கலாம்.

"இல்ல," என்றான் பேக்கரிக்காரன். "முழிச்சுட்டுத்தான் இருந்தேன்."

அவள் அவனைத் தாண்டிப் போனாள். அப்பாவின் காலடியில் கிடந்த போர்வையை எடுத்து உதறி, அவர் மடிமேல் போட்டுவிட்டு, உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது வெகுநேரம் ஓடியது.

"வாழ்த்துகள்," என்றார் தூதர். "வரிசையில் இருந்த ஐயாவின் சம்மதத்தோடு அனைவரின் சம்மதமும் கிடைத்துவிட்டது. பதிவை முழுமையாகச் சரிபார்த்தேன். வீடு தனக்குச் சொல்லப்பட்டதை ஒவ்வொரு முறையும் சரியாகச் செய்திருக்கிறது. பிழை ஏதும் இல்லை. ஆகவே தருவதற்குப் பிழைப் பதிவும் இல்லை. வேறு ஏதாவது உதவி தேவையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தூதர் விடைபெற்றார். இந்த உரையாடல் பிற குடும்பங்களின் நன்மைக்காகப் பயன்படுத்தப்படும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குழாய் நின்றது. உள்ளிருந்து மனைவி யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. "அக்கா, நான்தான். நாளைக்கு வர முடியுமா? இல்லக்கா, வீடு இருக்கு. வீடு நல்லாத்தான் இருக்கு. நீங்க வாங்க."

மாமனார் போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பேக்கரிக்காரன் அவர் முன்னால் நின்றான். ஃப்ரிட்ஜிடம் சொன்ன வார்த்தை வாய்வரை வந்து நின்றது. அதே வார்த்தையை இங்கேயும் சொல்ல நாக்கு வரவில்லை.

"மாமா..."

"அந்த ஆளுன்னா சொன்ன?"

இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்கிறார். சுவர் மெல்லியது. அன்று அடுத்த அறையில் இருந்தவருக்கு மகள் வீட்டு மாப்பிள்ளையின் குரல் கேட்டிருக்கிறது. வீட்டுக்குக் கோபம் என்று இத்தனை நாள் அவர் நினைத்ததும் ஒரு முயற்சிதான் போல.

"ஆமா," என்றான்.

"ம்." அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். வெயில் இருந்தது. அதை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்ல அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்.

"மணி என்ன?"

வீடு சொன்னது. எல்லா அறையிலும் சொன்னது.

"போய்ப் படு மாப்ள," என்றார். "ராத்திரி வேலைக்குப் போகணும்ல."

அவன் போய்ப் படுத்தான். வீடு மழையை ஆரம்பித்தது. வேண்டாம் என்றான். மழை நின்றதும் வீட்டின் எல்லாச் சத்தமும் கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், மாமனார் இருமும் சத்தம். கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி மணி கேட்டார். கூரை அவன் முகத்துக்கு நேரே பதில் சொன்னது. கண்ணைத் திறந்தபடியே அடுத்த தடவைக்காகக் காத்துக்கொண்டு கிடந்தான்.